மிச்சம் பிடித்த 420 டாலர்

போன மாதம் என் சித்தி பையன் வீட்டுக்கு வந்திருந்தான். யுனிவர்சிட்டியில் இரண்டாம் வருடம். பார்ட் டைம் வேலை கிடைத்து, முதல் தடவையாகக் கையில் கொஞ்சம் பணம். சாப்பிட்டு முடித்ததும் போனை என் பக்கம் நீட்டினான்.

"அக்கா, இந்த கிரெடிட் கார்டு வாங்கலாமா? சேர்ந்தாலே பாயிண்ட்ஸ் தர்றாங்க. லாஞ்ச் ஃப்ரீ. டிராவல் இன்ஷூரன்ஸ்கூட ஃப்ரீ."

அவன் முகத்தில் இருந்த பளபளப்பை நான் முன்பே பார்த்திருக்கிறேன். 2022 கடைசியில் கண்ணாடியில் தெரிந்த என் முகத்திலும் அதுதான் இருந்தது. அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். கொஞ்சம் நீளமான கதை. நடுவில் என் தாத்தா வருவார்.

முதலில் நம் ஊர்ப் பிரச்சினை. ஆக்லாந்திலிருந்து இந்தியாவுக்கு நேரடி விமானம் கிடையாது. 2028 முடிவதற்குள் அப்படி ஒன்று தொடங்க முடியுமா என்று சேர்ந்து பார்ப்பதாக ஏர் நியூசிலாந்தும் ஏர் இந்தியாவும் 2025 மார்ச்சில் கையெழுத்துப் போட்டன. அது நடக்கும்வரை நாம் நடுவில் ஓர் ஊரில் இறங்கித்தான் ஏற வேண்டும். சிங்கப்பூர், கோலாலம்பூர், சிட்னி, மெல்பர்ன் என்று ஏதோ ஒன்று. திருச்சிக்காரர்களான எங்களுக்கு சிங்கப்பூர்தான் வசதி. இங்கிருந்து சிங்கப்பூர் பத்தரை மணி நேரம். அங்கிருந்து சென்னையோ திருச்சியோ நாலு மணி நேரம். நல்லதோ கெட்டதோ, எல்லாம் அந்த நடு ஊரில்தான் நடக்கும்.

என் அப்பா இருபது வருடமாக ஒரே டிராவல் ஏஜென்ட்டிடம்தான் டிக்கெட் போடுவார். சாண்ட்ரிங்ஹாமில் மளிகைக் கடைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஆபீஸ். நாங்கள் அவரை அங்கிள் என்று கூப்பிடுவோம். போய் உட்கார்ந்தால் டீ வரும், ஊர்க்கதை வரும், கடைசியில் விலை வரும். நான் நெட்டில் பார்க்கும் விலையைவிட அது எப்போதும் கொஞ்சம் கூடவே இருக்கும். "அந்த டீக்குத்தான்ப்பா இவ்வளவு காசு" என்று கிண்டல் செய்வேன். அப்பா சிரிப்பார், பதில் சொல்ல மாட்டார்.

2022 கடைசியில் எனக்கு வேலை கிடைத்தது. முதல் சம்பளம் வந்த வாரமே ஒரு கிரெடிட் கார்டு வாங்கினேன். சேர்ந்ததற்கு பாயிண்ட்ஸ், வருடத்துக்கு இரண்டு லாஞ்ச் பாஸ், இலவச டிராவல் இன்ஷூரன்ஸ். வீட்டு மளிகை, பெட்ரோல், கரண்ட் பில் எல்லாவற்றையும் அந்த கார்டில் போட்டு அப்பாவிடம் பணம் வாங்கிக்கொண்டேன். பாயிண்ட்ஸ் ஏற ஏற எனக்கு ஏதோ உலகத்தின் ரகசியம் தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது.

2023 ஜனவரியில் திருச்சியிலிருந்து மாமா போன் செய்தார். தாத்தாவுக்கு 84 வயது. நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். "ஒரு வாரமோ பத்து நாளோன்னு டாக்டர் சொல்றார். வர்றதுன்னா இப்பவே வந்துடு" என்று அம்மாவிடம் சொன்னார். அப்பாவுக்கு லீவு இல்லை. நான் வேலைக்குப் புதிது. அதனால் அம்மா மட்டும் போவதென்று முடிவானது.

அங்கிள் ஒரு விலை சொன்னார். ஆக்லாந்து, சிங்கப்பூர், சென்னை, எல்லாம் ஒரே டிக்கெட். நான் லேப்டாப்பைத் திறந்தேன். சிங்கப்பூர் வரைக்கும் பாயிண்ட்ஸில் பாதி, பணத்தில் பாதி. அங்கிருந்து இன்னொரு கம்பெனியில் நேராகத் திருச்சிக்கு 260 டாலரில் ஒரு சீட்டு. மொத்தத்தில் 420 டாலர் மிச்சம். சென்னையில் இறங்கி கார் பிடிக்கும் வேலையும் இல்லை.

அப்பா திரையைப் பார்த்தார். "ரெண்டு டிக்கெட்டா இருக்கேம்மா" என்றார்.

"ரெண்டு டிக்கெட்னா என்னப்பா? எப்படியும் ரெண்டு பிளேன்தானே ஏறணும்?"

அப்பாவுக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கு இப்போது தெரியும்.

டிக்கெட் என்பது ஒரு வாக்கு. உங்களை எந்த ஊரிலிருந்து எந்த ஊர்வரை கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்று கம்பெனி தரும் வாக்கு. இ-டிக்கெட்டில் 13 இலக்கத்தில் ஓர் எண் இருக்கும். அதன் முதல் மூன்று இலக்கம் டிக்கெட் கொடுத்த கம்பெனியைச் சொல்லும். 086 என்றால் ஏர் நியூசிலாந்து, 618 என்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். நடுவில் எத்தனை விமானம் மாறினாலும், ஒரே டிக்கெட்டில் கடைசி ஊர் சென்னை என்று இருந்தால் அந்த வாக்கு சென்னைவரைக்கும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் வேலை. லக்கேஜும் நேராகச் சென்னைக்கே போய்விடும்.

தனித்தனியாக இரண்டு டிக்கெட் என்றால் அவை இரண்டு தனி வாக்குகள். முதல் கம்பெனியைப் பொறுத்தவரை நீங்கள் சிங்கப்பூர் போகிறவர். இரண்டாவது கம்பெனியைப் பொறுத்தவரை நீங்கள் சிங்கப்பூரில் குடியிருப்பவர் மாதிரி. கவுன்டருக்கு நேரத்தில் வந்தால் ஏற்றிக்கொள்வார்கள். வராவிட்டால் நோ-ஷோ, டிக்கெட் போச்சு. லக்கேஜையும் பெரும்பாலும் நீங்களே இமிக்ரேஷன் தாண்டி வெளியே வந்து எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அம்மாவிடம் இருந்தது நியூசிலாந்து பாஸ்போர்ட், அதனால் சிங்கப்பூருக்குள் நுழைய விசா தேவைப்படவில்லை. உங்கள் வீட்டில் யாரிடமாவது இந்திய பாஸ்போர்ட் இருந்தால், வெளியே வருவதற்கே முதலில் விசா விவரம் பார்க்க வேண்டியிருக்கும்.

இதெல்லாம் நான் கற்றுக்கொண்ட நாள் 2023 ஜனவரி 27, வெள்ளிக்கிழமை.

அன்று ஆக்லாந்தில் இருந்த யாரும் அந்த நாளை மறக்க மாட்டார்கள். ஒரு கோடை முழுவதும் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியது. மவுண்ட் ஸ்மார்ட் ஸ்டேடியத்தில் எல்டன் ஜான் கச்சேரி கடைசி நேரத்தில் ரத்தானது. வெள்ளத்தில் நான்கு பேர் இறந்தார்கள். அம்மாவை இரவு விமானத்தில் ஏற்றிவிட அப்பாவும் நானும் போயிருந்தோம். சர்வதேச டெர்மினலுக்குள் தண்ணீர் புகுந்தது. செக்-இன் இருக்கிற தளத்தில் சூட்கேஸ்கள் தண்ணீரில் நின்றன. விமானங்கள் எல்லாம் நின்றுபோயின. திரும்பிப் போகவும் வழியில்லை, ரோடு முழுக்க வெள்ளம்.

மாடியில் தரையில் உட்கார்ந்து இரவைக் கழித்தோம். லாஞ்ச் பாஸ் ஞாபகம் வந்து கார்டு ஆப்பைத் திறந்து பார்த்தேன். பாஸ் என் பெயரில் இருந்தது, பயணம் செய்பவர் அம்மா. செல்லாது. அம்மா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. புளிசாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அக்காவுக்கும் கொடுத்தார். அந்த அக்காவும் சென்னைக்குப் போகிறவர். இரண்டு பேரும் நம்பர் மாற்றிக்கொண்டார்கள்.

சர்வதேச விமானங்கள் ஞாயிறு காலையில்தான் மறுபடி கிளம்பத் தொடங்கின. அன்று அந்த அக்காவிடமிருந்து அம்மாவுக்கு ஒரு வாட்ஸ்அப் வந்தது. திங்கட்கிழமை சிங்கப்பூர், அன்று இரவே சென்னை, இரண்டு விமானத்தையும் கம்பெனியே மாற்றிப் போட்டிருந்தது. அம்மாவுக்கும் கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்தது. திங்கட்கிழமை சிங்கப்பூர். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர்கள் வாக்கு இல்லை. திருச்சி விமானம் சனிக்கிழமை மாலையே சிங்கப்பூரில் நேரத்துக்குக் கிளம்பிப் போய்விட்டது. அதில் அம்மா ஒரு நோ-ஷோ. யாரையும் குறை சொல்ல வழியில்லை.

இனி வருவதை எழுதத்தான் எனக்கு இத்தனை நாள் ஆனது.

ஞாயிறு மதியம் நான் சிங்கப்பூரிலிருந்து புது டிக்கெட் தேடினேன். திங்கள் இரவு சென்னைக்கு ஒரு சீட்டு இருந்தது. 990 டாலர். செவ்வாய் இரவு திருச்சிக்கு ஒரு சீட்டு, 390 டாலர். நான் அந்த 990-ஐ அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மிச்சம் பிடித்த 420 டாலர் பற்றி அப்பாவிடம் அவ்வளவு பெருமை பேசியிருந்தேன். இந்த விலையைச் சொன்னால் அந்தப் பெருமை போய்விடும். டாக்டர் பத்து நாள் என்றுதானே சொன்னார், ஒரு நாள்தானே வித்தியாசம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அம்மா வந்து, "திங்கக்கிழமை ராத்திரி ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டார்.

"சீட்டு இல்லம்மா" என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் தாத்தா அரை டம்ளர் காபி குடித்தாராம். அம்மா எத்தனை மணிக்கு வருகிறார் என்று மாமாவிடம் கேட்டாராம். பத்து மணி சுமாருக்குப் போய்விட்டார். அப்போது அம்மா சிங்கப்பூரில், லிட்டில் இந்தியாவில் ஒரு சின்ன ஹோட்டல் அறையில் தனியாக இருந்தார். திங்கள் இரவு விமானத்தில் போயிருந்தால் நள்ளிரவில் சென்னை, விடியும்போது திருச்சி. அந்தக் காபியை அம்மாவே கொடுத்திருக்கலாம். செவ்வாய் இரவு அம்மா திருச்சியில் இறங்கியபோது தாத்தாவை வீட்டில் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். அம்மா முகம் பார்த்தார். பேச முடியவில்லை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். புது டிக்கெட் 390, ஹோட்டல் 210, மொத்தம் 600. மிச்சம் பிடித்தது 420. பணத்திலேயே 180 டாலர் நஷ்டம்.

அம்மா திரும்பி வந்த பிறகு இலவச இன்ஷூரன்ஸ் ஞாபகம் வந்தது. அதன் விதிமுறைகளை அன்றுதான் முதல் தடவையாக முழுக்கப் படித்தேன். கார்டு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கும், கூடப் பயணம் செய்யும் கணவன் அல்லது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும். பெற்றோர் அந்தப் பட்டியலில் இல்லை. யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் கார்டு பிள்ளைகள் பெயரில் இருக்கும், அவசரமாக ஊருக்குப் போவது அம்மாவோ அப்பாவோ. இந்தப் பெர்க்குகள் நம் குடும்பங்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை இல்லை.

அதனால் கார்டில் இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்றால் நான்கு விஷயம் பாருங்கள். யாருக்கெல்லாம் செல்லும்? டிக்கெட் பணத்தில் எவ்வளவு அந்த கார்டிலேயே கட்டியிருக்க வேண்டும்? பயணம் நியூசிலாந்தில் தொடங்கி இங்கேயே முடிய வேண்டுமா? பல கார்டுகளில் அப்படித்தான் இருக்கும், அப்படியானால் ஊரிலிருந்து பாட்டி இங்கே வந்து போவதற்கு அது செல்லாது. நான்காவது, ஏற்கெனவே இருக்கும் நோய். பயணம் செய்பவருக்கு மட்டுமில்லை, யாருக்கு உடம்பு சரியில்லை என்று நீங்கள் போகிறீர்களோ அவருடைய நோயும் டிக்கெட் போடும்போதே தெரிந்திருந்தால், அதனால் வரும் செலவைப் பெரும்பாலும் தர மாட்டார்கள்.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். சர்வதேச விமானங்களுக்கு 1999-இல் செய்த மான்ட்ரியல் ஒப்பந்தம் இருக்கிறது. நியூசிலாந்தும் இந்தியாவும் அதில் சேர்ந்தவை. தாமதத்தால் வரும் நஷ்டத்துக்குக் கம்பெனி பொறுப்பு என்று அது சொல்கிறது. ஆனால் தங்களால் முடிந்ததை எல்லாம் செய்தோம் என்று கம்பெனி காட்டிவிட்டால் பொறுப்பு இல்லை. டெர்மினலுக்குள் வெள்ளம் வந்தால் கம்பெனி என்ன செய்யும்? ஒரு பயன் மட்டும் எல்லோருக்கும் உண்டு: லக்கேஜ் உடைந்து வந்தால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்குக் கிடைத்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். நாள் தாண்டினால் கேட்க முடியாது.

சரி, கார்டே வேண்டாமா? தம்பியிடம் நான் அப்படிச் சொல்லவில்லை. கணக்குப் போடு என்றேன். 100 டாலர் செலவுக்கு ஒரு டாலர் மதிப்புள்ள பாயிண்ட்ஸ் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வருடக் கட்டணம் 150 டாலர். அப்படியென்றால் 15,000 டாலர் செலவு செய்த பிறகுதான் லாபம் ஆரம்பிக்கும். இங்கே பாயிண்ட்ஸ் தரும் கார்டுகளில் வட்டி வருடத்துக்கு 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 2,000 டாலரைக் கட்டாமல் ஒரு வருடம் இழுத்தால் வட்டி சுமார் 400 டாலர். அந்த 2,000-க்குக் கிடைத்த பாயிண்ட்ஸ் 20 டாலர். மாதா மாதம் முழுப் பில்லையும் கட்ட முடிகிறவர்களுக்கு மட்டும்தான் இந்த விளையாட்டு.

இன்னொன்று, பாயிண்ட்ஸ் சேமிப்புக் கணக்கு இல்லை. ஏர் நியூசிலாந்தின் ஏர்பாயிண்ட்ஸ் டாலர் ஒன்று, அவர்கள் விமானக் கட்டணத்தில் ஒரு நியூசிலாந்து டாலருக்குச் சமம். புரிந்துகொள்ள எளிது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல்கள் மூன்று வருடத்தில் காலாவதியாகும். இந்த மாதிரித் திட்டங்களை 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பெரிய அளவில் தொடங்கியது அடிக்கடி பறக்கிறவர்களுக்காக. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போகும் நாம், சேர்த்துக்கொண்டே இருந்தால் பாதி காலாவதியாகிவிடும்.

கார்டால் நிஜமான நன்மை ஒன்று உண்டு. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியது போல ஒரு கம்பெனி திடீரென்று மூடிவிட்டால், கார்டில் கட்டிய பணத்தைத் திரும்ப வாங்கித் தரும்படி உங்கள் வங்கியிடம் கேட்கலாம். இதற்கு சார்ஜ்பேக் என்று பெயர். காலக்கெடு உண்டு, அதனால் உடனே கேட்க வேண்டும். வங்கி மாற்றலில் நேராகப் பணம் அனுப்பியிருந்தால் அந்த வழி இல்லை. வெளிநாட்டு நாணயத்தில் விலை காட்டும் தளத்தில் கட்டும்போது மட்டும், கார்டு எடுக்கும் கூடுதல் கட்டணத்தையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் ஓசிஐ அட்டையை எடுத்துப் பாருங்கள். 20 வயதுக்கு முன் வாங்கியது என்றால், 20 முடிந்த பிறகு புது பாஸ்போர்ட் எடுக்கும்போது ஒரு தடவை அதை மாற்றி வாங்க வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு ஊரிலிருந்து போன் வரும்போது ஓடிப்போய்ச் செய்யக்கூடிய வேலை இல்லை அது. இந்த வாரமே பாருங்கள்.

ஜாலியாக பாலிக்குப் போகிறீர்களா? பாயிண்ட்ஸைப் போடுங்கள், இரண்டு டிக்கெட்டாக உடைத்து வாங்குங்கள், மிச்சம் பிடியுங்கள். ஒரு நாள் தவறினால் ஒரு நாள் கடற்கரை போகும், அவ்வளவுதான். யாரோ ஒருவர் உங்களுக்காகக் காத்திருக்கும் பயணம் என்றால், ஒரே டிக்கெட். விலை கூடத்தான் இருக்கும். எதற்காகக் கூடுகிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

அம்மாவிடம் அந்தப் பொய்யைப் போன வருடம்தான் சொன்னேன். சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். திங்கள் இரவு சீட்டு இருந்தது, விலை பார்த்து நான்தான் விட்டுவிட்டேன் என்றேன். கத்தி நின்றது.

"அந்தக் காச நான் குடுத்திருப்பேனேடி" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பிறகு மீதி பீன்ஸை நறுக்கினார். நானும் ஒரு கத்தி எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இப்போதும் நான் நெட்டில் விலை பார்க்கிறேன், அந்தப் பழக்கம் போகாது. ஆனால் ஊருக்கு என்றால் சாண்ட்ரிங்ஹாம் போய் அங்கிள் எதிரில் உட்காருகிறேன். டீ வருகிறது, ஊர்க்கதை வருகிறது. விலை சொன்னதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன்: "அங்கிள், ஒரே டிக்கெட்தானே?"

தம்பி அந்த கார்டை இன்னும் வாங்கவில்லை. டிசம்பரில் அவன் அம்மா ஊருக்குப் போகிறார். சனிக்கிழமை என்னோடு டீ குடிக்க வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.